சனிக்கிழமை ஜட்காவும் என் வலது கையும்

ஈர வேட்டியைப் பிழிய முடியாத ஆம்பளையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அப்படி ஒரு நாள் குழாயடியில் நின்றேன். எலும்பு கட்டுகிறவர் என் வலது மணிக்கட்டிலிருந்து மூங்கில் பத்தைகளை அவிழ்த்துவிட்ட மறுநாள் அது. முறுக்குகிறேன், முறுக்குகிறேன், தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கடைசியில் வேட்டி கையை விட்டு வழுக்கிச் சேற்றில் போய் விழுந்தது. குடத்தோடு வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அடைக்கலமேரி அதை எடுத்து அலசி, ஒரே முறுக்கில் பிழிந்து என் தோளில் போட்டாள். "பட்டாளத்துக் கை நல்லாத்தான் கீது போ" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் பேர் லூயிஸ். சண்டைக் காலத்தில் சாப்பர் பட்டாளத்தோடு பாஸ்ரா போனவன். அங்கே ஆற்றுக்குப் பாலம் போட்டு, சேற்றில் படுத்து, எப்படியோ உயிரோடு ராயபுரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் சிலுவையம்மாள் இல்லை. அந்த வருஷத்து விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். காசிமேட்டுக் கல்லறையில் அவள் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை நட்டிருந்தார்கள். அதிலாவது பேரைச் சரியாக எழுதினார்களா என்றால் இல்லை, வேறு எவளோ பேரை எழுதி வைத்திருந்தார்கள். கல்லறைக்காரனைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டேன். அப்புறம் நானே தார் வாங்கி வந்து என் பெண்டாட்டி பேரை எழுதினேன். அதற்குப் பிறகு மனுஷர்களோடு பேச எனக்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தெருவில் யாராவது "இன்னாப்பா, நல்லா கீறியா" என்பார்கள். "கீறேன்" என்பேன். அதோடு சரி.

பட்டாளத்தான் என்பதால் திருவொற்றியூரில் ஒரு மண்ணெண்ணெய் டின் கம்பெனியில் எனக்குக் காவல் வேலை கொடுத்தார்கள். வாரம் பூராவும் கேட்டில் நிற்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் இடுப்பில் ரிவால்வர் கட்டிக்கொண்டு, பீச் பக்கத்து பேங்கிலிருந்து ஃபாக்டரிக்குச் சம்பளப் பெட்டியை ஜட்காவில் கொண்டுவர வேண்டும். பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், எதிரே சம்பளக் கிளார்க்கு ராமதாஸ் நாயுடு.

நாயுடு ஏறி உட்கார்ந்தால் ஃபாக்டரி வரும் வரைக்கும் வாய் ஓயாது. எல்லாம் அவர் வீட்டுக் கதைதான். அவருடைய மாமியார் ஒரு வாரம் தங்கிப்போகிறேன் என்று காளஹஸ்தியிலிருந்து வந்தவள், கூடவே ஒரு பெட்டை ஆட்டையும் ரயிலேற்றி அழைத்து வந்திருந்தாள். வாரம் மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று, கிழவி கிளம்புகிற வழியாக இல்லை. ஆட்டை நாயுடுவின் கட்டில் காலில்தான் கட்டுவாளாம். ஒரு சனிக்கிழமை அது அவருடைய ஆபீஸ் கோட்டின் ஒரு கையைத் தின்றுவிட்ட கதை. அடுத்த சனிக்கிழமை ஒற்றைக் கைக் கோட்டோடு அவர் ஆபீஸ் போன கதை. "அப்பால கேளு நைனா" என்று என் முழங்காலில் தட்டிக்கொண்டு ஆரம்பிப்பார். நான் சிரிப்பேன். வாரமெல்லாம் வாய் திறக்காதவன் ஒரே நாளில் அவ்வளவு சிரித்தால் கன்னம் வலிக்கும். எனக்கு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் உட்கார்ந்து அந்தக் கதையை நினைத்து மறுபடியும் சிரித்து, பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்திருக்கிறார்கள்.

அதற்காகத்தான் எனக்கு அந்த வேலை. ரிவால்வர் மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை, அந்தச் சனியனை பாஸ்ராவிலேயே போதும் போதும் என்று பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியது ஜட்காவில் நாயுடுவுக்கு எதிரே இருக்கிற அந்த இடம். உலகத்தில் என்னிடம் ஒரு மனுஷன் கதை சொன்னது அங்கே மட்டும்தான்.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை, நாயுடுவின் கதையில் கசாப்புக்காரன் ஆட்டைப் பிடிக்க வந்து வாசலில் நிற்கிறான், மாமியார் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். கதை அந்த இடத்துக்கு வந்தபோது, டோல்கேட் கிட்டே, ஜட்கா குடை சாய்ந்தது. பெட்டி தப்பியது. நாயுடுவும் தப்பினார். சக்கரம் என் வலது மணிக்கட்டு மேல் ஏறி இறங்கியது.

கட்டு அவிழ்கிற வரை என் இடத்தில் கிடங்குக் காவல்காரன் அமீருதீனைப் போட்டார்கள். அவிழ்த்த பிறகும் கம்பெனித் துரை எனக்கு ரிவால்வரைத் தரவில்லை. எடுத்துக் காட்டச் சொன்னார். குண்டு போடாத ரிவால்வர்தான், நீட்டிப் பிடித்து விசையை இழுத்தேன். அந்த விசை சும்மா வராது, நல்ல கைக்கே கல்லுப் போல இருக்கும். என் பிடி தாங்கவில்லை, துப்பாக்கி கைக்குள்ளேயே புரண்டு மூக்கைத் தொங்கப்போட்டது. துரை அதை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினார். தை மாதத்தில் வழக்கமான சுடும் பரீட்சை வரும், அதில் தேறினால் என் இடம் எனக்கு, இல்லாவிட்டால் அமீருதீனுக்கு என்று பெரிய கிளார்க்கு சொன்னார். அதுவரை மத்தியானத்துக்கு மேல் டின் ஷெட்டில் உட்கார்ந்து, டின்களைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தேறாவிட்டால் என்னை எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டேன். எண்ணூர் உப்பங்கழி ஓரத்தில் கம்பெனிக்கு ஒரு கொட்டகை உண்டு, காலிப் பீப்பாய்களுக்குத் தடியோடு காவல். அங்கே நண்டு வரும், கொக்கு வரும். மனுஷன் வரமாட்டான்.

சரி, கைக்குப் பிடி வரவேண்டும், அவ்வளவுதானே என்று ஆரம்பித்தேன். வாய் அகன்ற சட்டியில் ஈர மணலை நிரப்பி, அதற்குள் கையை விட்டுப் பிசைந்தேன். சாக்கை நனைத்து முறுக்கினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்து விரல் விடுகிற வரை தொங்கினேன். மூர் மார்க்கெட்டில் பழைய மோட்டார் ஹாரனின் ரப்பர்க் குமிழ் ஒன்று கிடைத்தது, அதை அமுக்கி அமுக்கி விட்டேன். முதல் நாள் அது பாம் பாம் என்று ஊரைக் கூட்டியது. அடைக்கலமேரி கதவைத் தட்டி, "வூட்டுக்குள்ள மோட்டார் ஓட்றியா இன்னா? எங்க வூட்ல புள்ள தூங்குது" என்றாள். ஊதுகிற நாக்கைப் பிடுங்கிப் போட்டேன். அதற்கப்புறம் அமுக்கினால் வெறும் காற்றுத்தான், ஒரு பெருமூச்சு. சாயங்காலமெல்லாம் அந்த அறையில் அது பெருமூச்சு விடும், நான் விடுவேன்.

சனிக்கிழமை மட்டும் வேலைக்குப் போகிற வழியில் டோல்கேட்டில் நின்றுவிடுவேன். ஜட்கா வரும். நாயுடுவின் வாய் ஆடிக்கொண்டிருக்கும், எதிரே என் இடத்தில் அமீருதீன் தூணாக உட்கார்ந்திருப்பான். ஒரு தரம் சுங்கக் கம்பத்துக்கு வண்டி நின்றபோது நாயுடு என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா நைனா, கை எப்டி கீது? சட்டுனு வந்து சேரு. இவன் சிரிக்கக்கூட மாட்றான், பேஜாரா கீது" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன். அமீருதீன் நல்ல மனுஷன், அவன் மேல் எனக்குக் கோபம் வர ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் வந்தது.

மணலும் சாக்கும் போதவில்லை. ஒரு நாள் விடியற்காலை கடற்கரையில் நடந்துபோனபோது ஒரு ஆள் தனியாகக் கட்டுமரம் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கட்டுமரம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகிறபோது மரங்களைச் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள், இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். தினம் கட்டு, தினம் அவிழ். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை இழுத்தால்தான் கயிறு இறுகும். இந்த ஆள் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்துக்கொண்டிருந்தான். போய் அந்த முனையைப் பிடித்தேன்.

அவன் பேர் நீலமேகம். கூடக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான் என்பதே எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும், வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற ஆள். முதல் நாள் அவன் பேசியது இவ்வளவுதான்.

"கூலி கீலி கெடையாது."

"கூலி யார் கேட்டா? கையில வண்டி ஏறிச்சு. வலு வரணும். துப்பாக்கி புடிக்கணும்."

"துப்பாக்கி" என்று சொல்லி மணலில் துப்பினான். பிறகு, "இஸ்து புடி" என்றான்.

தினமும் போனேன். விடியற்காலை கட்டு, மத்தியானத்துக்கு முன்னால் அவன் திரும்பியதும் அவிழ். தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையைக் கிழித்தது, காய்த்தது, மறுபடி கிழித்தது. விரல்கள் ஐந்தையும் மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பேன், நீலமேகம் முடிச்சுப் போடுவான். பிறகு நானே போட ஆரம்பித்தேன். கடல் தண்ணீரில் நனைந்து என் முடிச்சு ஊறி இறுகிப் போய்விடும். "நீ போட்ற முடிச்ச அவுக்க அனுமாரு வரணும்" என்றான். அதற்கு என்ன, நான்தானே வந்து அவிழ்த்தேன்.

அவன் பேசாததால் நான் பேசினேன். பேச எனக்கு என்ன இருக்கிறது, நாயுடுவின் கதைதான். மாமியார், ஆடு, கோட்டுக் கை என்று ஆதியிலிருந்து சொன்னேன். நீலமேகம் சிரிக்கவும் இல்லை, ம் கொட்டவும் இல்லை. இவனிடம் சொல்வதற்குக் கடலில் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் திடீரென்று, "உன் பேரு இன்னா?" என்றான். சொன்னேன். அதற்கப்புறமும் என்னை "ஏ சிப்பாயி" என்றுதான் கூப்பிட்டான்.

தை வந்தது. என் பிடி எப்படி ஆகியிருந்தது என்றால், குழாயடியில் அடைக்கலமேரியின் புடவையைப் பிடுங்கிப் பிழிந்து கொடுத்தேன். கிழிந்துவிட்டது. திட்டினாள், ஆனாலும் எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

பரீட்சை ஃபாக்டரிக்குப் பின்னால் மணல்மேட்டில் நடந்தது. ஆள் உருவில் வெட்டிய பலகைக்குச் சுண்ணாம்பு அடித்து நிறுத்தியிருந்தார்கள். ஆறு குண்டில் நாலு படவேண்டும். ரிவால்வரைப் பிடித்ததும் கைக்குள் அது அசையவில்லை, கயிற்றைப் பிடித்த மாதிரி பிடித்தேன். இன்றைக்கு முடிந்தது, அடுத்த சனிக்கிழமை கசாப்புக்காரன் என்ன ஆனான் என்று கேட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே விசையை இழுத்தேன். பலகையின் காலடியில் இடது பக்கமாக மணல் தெறித்தது. இரண்டாவது, அதே இடம். இன்னும் இறுக்கிப் பிடித்துச் சுட்டேன். ஆறு முடிந்தபோது பலகையின் முழங்காலில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அமீருதீன் பிறகு நின்று ஐந்து அடித்தான்.

துரை என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் பலம் இருக்கிறது, குண்டு மட்டும் ஏன் பூமிக்குப் போகிறது என்றார். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? பழைய பட்டாளத்தான் என்பதற்காக ஈஸ்டருக்கு முன்னால் இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொன்னார். அதோடு சரி, அதற்கப்புறம் எண்ணூர்க் கொட்டகைதான்.

வீட்டுக்கு வந்து சுத்தியலைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைப்பக்கம் கனமான சுத்தியல், முன்னால் நீட்டிப் பிடித்து, ஆட்காட்டி விரலை மட்டும் மடக்கிப் பார்த்தேன். சுத்தியல் தலை கீழே போயிற்று. மறுபடி மடக்கினேன், மறுபடி போயிற்று. அப்போதுதான் புரிந்தது. கயிறு இழுக்கிற கைக்கு ஐந்து விரலும் ஒரே விரல், சேர்ந்து மடங்கும், சேர்ந்து இறுகும். என் கையை நான் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தேன். விசையை இழுக்க ஆட்காட்டி விரல் மடங்கினால், மற்ற விரல்களும் கயிறு என்று நினைத்துக் கூடவே ஒரு இறுக்கு இறுக்குகின்றன, துப்பாக்கியின் மூக்கு இறங்கிவிடுகிறது. துப்பாக்கிக்குக் கை பூராவும் ஒரே அளவாகப் பிடித்தபடி இருக்கவேண்டும், ஒரு விரல் மட்டும் தனியாக நடக்கவேண்டும். இத்தனை நாள் மாடாக உழைத்து நான் கெடுத்து வைத்தது அந்த ஒரு விரலைத்தான். சுத்தியலைச் சுவரில் எறிந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியிருந்தது. சாயங்காலத்தில் அடைக்கலமேரி தன் வாசற்படியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். வாய் மாதாவின் பிரியதத்த மந்திரம் சொல்லும், நடுவில் கோழியை விரட்டும், பிள்ளையை அதட்டும், மறுபடி மந்திரத்துக்கு வரும். அன்றைக்கு அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாலை மூன்று விரலுக்குள் அடங்கி அசையாமல் இருக்கிறது. ஆட்காட்டி விரல் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டு போகிறது. அவள் கோழியை அதட்டினாலும் அந்த மூன்று விரலும் சட்டை செய்யவில்லை.

"இன்னா அப்டி பாக்குற?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்று உள்ளே போனேன்.

சிலுவையம்மாளின் ஜெபமாலை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பாஸ்ராவிலிருந்து வந்த நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. அவள் ஜெபித்து என்ன ஆயிற்று, நான்தான் உயிரோடு வந்தேன், அவள் போய்விட்டாள் என்று ஒரு ஆத்திரம். அதை எடுத்து ஜன்னல் கம்பியில், நீட்டிய கையின் உயரத்துக்குத் தொங்கவிட்டேன். சுத்தியலைத் திட்டமாகப் பிடித்துக்கொண்டு, ஆட்காட்டி விரலை மாலையில் கோத்து, ஒரு மணி இழுத்தேன். சுத்தியல் தலை அசைந்தது. இன்னொரு மணி. இன்னொன்று. விரல் மணியை இழுத்தால் வாய் சும்மா இருக்குமா, மந்திரம் தானாக வந்துவிட்டது. இது ஜெபம் இல்லை, கைக்குப் பயிற்சி என்று சத்தமாகவே சொன்னேன். யாரிடம் சொன்னேனோ, வீட்டில் யாரும் இல்லை. மரமணிகள் அவள் விரல் பட்டு ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. நான் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் எனக்காகத் தேய்த்திருக்கிறாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கயிறு, சாயங்காலம் மாலை. கயிறு பிடியைக் கொடுத்தது, மாலை விரலைப் பிரித்தது. தபசு காலம் பாதி தாண்டும்போது சுத்தியல் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு மணி இழுப்பேன், தண்ணீர் சிந்தாது. கடற்கரையில் நீலமேகம் ஒரு நாள், நான் வேறு ஏதோ நினைப்பில் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, "அந்த ஆடு இன்னா ஆச்சு?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஆடு?"

"கசாப்புக்காரன் வந்தானே. கெயவி ஒலக்க எடுத்தாளே. அப்பால?"

"தெரியாதுப்பா. அதுக்குள்ள வண்டி கவுந்துச்சு. நான் ஜட்கால ஏறினாத்தான் தெரியும்."

"ஓ" என்றான். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை துரை கூப்பிட்டார். அதே மணல்மேடு, அதே பலகை. இந்தத் தடவை ரிவால்வரை இறுக்கி நெரிக்கவில்லை. கை பூராவும் ஒரே அளவாகப் பிடித்தேன், ஆட்காட்டி விரல் மணியை இழுக்கிற மாதிரி தனியாகப் பின்னால் வந்தது. வெடித்தது. குண்டு விழுந்த இடத்தை நான் பார்க்கவில்லை, அடுத்த மணிக்குப் போனேன். ஆறும் முடிந்து போய்ப் பார்த்தால் நெஞ்சில் நாலு, தோளில் ஒன்று. துரை தலையை ஆட்டினார். பெரிய கிளார்க்கு, "சனிக்கிழமை பேங்குக்குப் போ" என்றார். அமீருதீன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "எனுக்கும் நிம்மதி தோஸ்து. அந்த ஆளு பேச்சுல காது பூட்ச்சி" என்றான். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போயிற்று.

சனிக்கிழமை விடியற்காலை கடற்கரைக்கு ஓடினேன். சந்தோஷத்தில் அன்றைக்கு நான் இழுத்த இழுப்புக்கு மரங்கள் கிறீச்சிட்டன. "நான் தேறிட்டேன். இன்னிக்கு ஜட்கா. அவுக்க வர முடியாது" என்று நீலமேகத்திடம் சொன்னேன். அவன் முடிச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "போய்ட்டு வா" என்று சொல்லி மரத்தைத் தண்ணீருக்குள் தள்ளினான்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் ரிவால்வரோடு, பேங்க் வாசலில் ஜட்கா ஏறினேன். நாயுடு முன்பே ஏறி உட்கார்ந்து ஏதோ கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "வா, வா, குந்து" என்றார். வண்டி கிளம்பியது. அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார், மூக்குப்பொடி போட்டுக்கொண்டார், என் முழங்காலில் தட்டினார்.

"அப்பால கேளு அமீரு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆடு போனதுலேர்ந்து கெயவி சரியா துன்றதே இல்லன்னு போன வாரம் சொன்னேன்ல. நேத்து இன்னா பண்ணா தெரியுமா அமீரு?"

மரச்சிலுவையில் பேர் தப்பாக இருந்தது என்று கல்லறைக்காரனின் சட்டையைப் பிடித்தவன் நான். என் பேர் வாய் வரை வந்தது. நாயுடு மேல் தப்பு ஒன்றும் இல்லை, அவருக்கு எதிரே ஒரு முழங்கால் இருந்தால் போதும், அது யாருடையது என்று அவர் பார்த்ததே இல்லை. டோல்கேட்டில் கூட என் கையைத்தான் விசாரித்தார், பேரைச் சொல்லவில்லை. பல வருஷம் எனக்காகச் சொல்கிறார் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பிக் கடல் பக்கம் பார்த்தேன். வண்டி ராயபுரம் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாக் கட்டுமரங்களும் பிரிந்து மணலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் கட்டியபடியே ஈர மணலில் கிடந்தது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். என் காலுக்கு நடுவே சம்பளப் பெட்டி இருந்தது. இறங்க முடியாது.

"கேக்குறியா?" என்றார் நாயுடு.

"கேக்குறேன். சொல்லுங்க" என்றேன்.

டோல்கேட் போயிற்று, சாத்தாங்காட்டுப் பாதை பிரிகிற இடம் போயிற்று. அவர் சொன்ன கதையில் எங்கே சிரிக்கவேண்டுமோ அங்கே சிரித்தேன். கன்னம் வலிக்கவில்லை. ஆடு எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவும் இல்லை.

ஃபாக்டரியில் ரிவால்வரை ஒப்படைத்துவிட்டு வேலை முடிந்து திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்கு நடந்தேன். கட்டுமரம் அப்படியே கிடந்தது. நீலமேகம் அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டான்.

"லூயிசு" என்று கூப்பிட்டான். "வா. உன் முடிச்சுதான்."

என் பேரை அவனுக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். மண்டி போட்டு உட்கார்ந்து கயிற்றில் கை வைத்தேன். ஊறி இறுகி இரும்பாக இருந்தது, பல் வைத்து இழுத்த தடம் கூடத் தெரிந்தது. நாள் பூராவும் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது, நாளைக்குக் கடலில் இழுக்கவே கஷ்டமாக இருக்கும். எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது.

"கத்தி வச்சிகினுதானே கீற? அறுத்துப் போட வேண்டியதுதானே?"

அவன் பீடியை மணலில் குத்தி அணைத்தான். "அறுத்துட்டா நாளிக்கு நீ வந்து இன்னாத்த கட்டுவ?" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் மறைத்ததால் முடிச்சைக் கையாலேயே தடவித் தடவித்தான் அவிழ்க்க முடிந்தது. அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையை வாங்கிச் சுற்றிக்கொண்டே வந்தான். கடைசி மரம் பிரிகிற நேரத்தில், "சரி, அந்த ஆடு இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

நாயுடு எனக்கு அதைச் சொல்லவில்லை. நான் மணலில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அப்பால கேளு நீலமேகம்" என்று ஆரம்பித்து, மீதிக் கதையை நானே கட்டிச் சொன்னேன்.